அண்ணாவியை நிறுத்துகிறவர் யார்?
வில்லுப்பாட்டும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியும்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம்)



‘நாட்டார் இசையும் ஊடகமும்’ என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். தொலைக்காட்சி வந்து நம் கலையை அழித்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். அல்லது, தொலைக்காட்சி இருந்ததால்தான் கிராமத்துக் குரல் கடல் தாண்டிப் போயிற்று என்று மாலை போடுவார்கள். இரண்டையும் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். எனக்கும்தான்.

கோயில் கொடைவிழாக் காலத்தில் வடசேரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களைப் பாருங்கள். சுவரொட்டியின் மேலே அம்மன் படம். நடுவில் சின்ன எழுத்தில் ‘வில்லிசை’. அதற்குக் கீழே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் போட்டியில் பாடிய ஓர் இளைஞரின் படம், பெயருக்கு முன்னால் ‘புகழ்’. இரண்டு நிகழ்ச்சியும் ஒரே ஊர் வரியில் நடக்கின்றன. ஒரே முத்தாரம்மன் முன்னால் நடக்கின்றன. இதில் எது அசல், எது சரக்கு என்று கேட்டால், யோசிக்காமல் வில்லைக் காட்டுவோம். அப்படி யோசிக்காமல் காட்டும் விரலைத்தான் இன்று கொஞ்சம் மடக்கிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு அசலா இல்லையா என்பதைக் காசை வைத்து அளக்க முடியாது. பழமையை வைத்தும் முடியாது. பாடிக்கொண்டிருக்கிறவரை நிறுத்த, கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு உரிமை இருக்கிறதா? நிறுத்தினால் பாடுகிறவர் பதில் சொல்ல இடம் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்வியால்தான் அளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

1. காசு எப்போதும் இருந்தது

வில்லுப்பாட்டுக் குழுவை அமர்த்துவது ஒரு பேரம். குழுவில் எத்தனை பேர், எந்தக் கதை, எத்தனை இரவு, சாப்பாடு எங்கே, வண்டிச் செலவு யார் தலையில் என்று எல்லாம் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கை மாறும். பேர் வாங்கிய அண்ணாவிக்கு, அதாவது குழுவின் தலைமைப் பாடகருக்கு, ஒரு தொகை, புதிதாக வில் பிடித்தவருக்கு ஒரு தொகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைப்புக்குக் கூலி கேட்கிறவரைப் பார்த்து ‘கலை வியாபாரமாகிவிட்டது’ என்று வருந்துகிறவர், பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவராகவே இருக்கிறார்.

விளம்பர இடைவேளையும் நமக்குப் புதிதில்லை. கதை முற்றி வரும்போது பந்தலில் இருந்து ஒரு கை நீளும். வில் நிற்கும். இன்னாருடைய மகன் இன்னார், வளைகுடாவில் இருந்து வந்திருப்பவர், நூற்றொரு ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பு வரும். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். சோப்பு விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பணம் கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். குடம் அடிப்பவர் அவருடைய கஞ்சத்தனத்தை நயமாகக் கிண்டல் செய்யலாம், கூட்டம் சிரிக்கலாம், அந்த வேகத்தில் அவர் இன்னொரு நோட்டை எடுக்கவும் செய்யலாம். சோப்புக் கம்பெனியை எந்தப் பாடகரும் கிண்டல் செய்ய முடியாது.

போட்டியும் புதிதில்லை. தஞ்சைப் பக்கம் லாவணியில் மன்மதன் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய மோதியவர்கள் நாம். ஒரு கொடையில் பாடிய குழுவை அடுத்த ஊர்க்காரர் ஒப்பிட்டு, அடுத்த ஆண்டு அழைப்பதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இன்றும் நடக்கிறது. ஆகவே காசு, விளம்பரம், போட்டி ஆகிய மூன்றையும் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

2. பந்தலின் உரிமை

மாணவர்களில் சிலர் முழு இரவு வில்லுப்பாட்டைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால், நிகழ்வைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் மணி கட்டிய வில், அதன் நாணில் வீசுகோல் போடும் அண்ணாவி. உடுக்கை, குடம், தாளம், கட்டை. குடத்தின் வாயில் பத்தி என்ற அடிகருவியால் அடிக்கிறார்கள். அண்ணாவி ஒரு வரியைச் சொன்னால் அதை வாங்கிப் பாட இடப்பக்கம் ஆள் இருக்கிறார். வசனம் சொன்னால் ‘ஆமா’ போடவும், சந்தேகம் கேட்கவும், சில சமயம் வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொள்ளவும் ஆள் இருக்கிறார். அதாவது, பாடுகிறவரை இடையில் நிறுத்திக் கேட்பது அந்தக் கலையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கேட்பவர் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மற்ற கேட்பவர்கள் பந்தலில். சுடலைமாடன் கதையோ தோட்டுக்காரி அம்மன் கதையோ தம்பிமார் கதையோ, அந்த ஊருக்கு அது தெரிந்த கதை. கிழவிகளுக்கு வரிசை தெரியும். அண்ணாவி களைப்பில் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போனால், ‘அதை விட்டுட்டீரே’ என்று ஒரு குரல் வரும். வந்தால் அவர் திரும்பிப் போக வேண்டும். திரும்பாமல் சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்பிக்கவும் செய்யலாம். தப்பித்துவிட்டால் அதுவும் அவருடைய திறமைக் கணக்கில் சேரும்.

இவர்களுக்கெல்லாம் மேலே, அருள் வந்து ஆடும் கோமரத்தாடி இருக்கிறார். கதையில் அந்தத் தெய்வம் வெட்டுப்பட்டுச் சாகும் இடமோ, பிறகு வாதையாக எழும் இடமோ நெருங்கும்போது உடுக்கையின் வேகம் மாறும். கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கினால் கதை அங்கேயே நிற்கும். அருள் முழுதாக இறங்கும்வரை அண்ணாவி அந்த வரிகளையே சுற்றிச் சுற்றி வருவார். இறங்கவில்லை என்றால் வேறு மெட்டு, வேறு தாளம், மறுபடி அதே வரி. அவருடைய பாட்டு நன்றாக இருந்ததா என்பதற்குத் தீர்ப்பு அங்கே கண்முன்னால் நடக்கிறது. மதிப்பெண் பலகை தேவையில்லை.

1970-களின் பிற்பகுதியில் இந்த மாவட்டத்தில் தங்கி ஆய்வு செய்தவர் அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். 1988-இல் வந்த அவருடைய நூல், வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று பிரித்துப் பார்க்கிறது. கயிலையில் பிறந்து வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை. இந்த மண்ணில் வாழ்ந்து கொலையுண்டு தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் பாட்டும் சடங்கும் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைகின்றன என்பது அவர் கண்டது. என் வாதத்துக்கு அது பெரிய உதவி. எங்கே கதை கேட்பவரின் உடம்பைத் தொடுகிறதோ, அங்கே கேட்பவருக்குக் கதையை நிறுத்தும் அதிகாரமும் கூடுகிறது.

இன்று பல கொடைகளில் நள்ளிரவுக்கு மேல் பந்தலில் நாற்காலிகள்தான் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி வழியாக ஊர் தூக்கத்தில் கேட்கிறது. ஆனாலும் சாமக்கொடைப் பூசை வரை கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆகவேண்டும். ஆளில்லை என்று சுருக்கினால், பூசைக்கு எழுந்து வரும் கோமரத்தாடி கேட்பார்.

3. அந்த உரிமை எல்லாருக்கும் இருந்ததா?

இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்து ஒரு முனகல் கேட்கிறது. நியாயமான முனகல்தான். நிறுத்தும் உரிமை பந்தலுக்கு இருந்தது என்றால், பந்தலில் யாருக்கு இருந்தது?

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமணனாகப் பிறந்த பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் தொழிலை ஏற்று, மாடு காத்து, கொள்ளையரோடு போரிட்டுச் செத்தவன். பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்தையன் கோயிலில் இன்றும் அவனுக்கு வழிபாடு உண்டு. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பிற்கால வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு கிளைக்கதை ஏறிவிடுகிறது. பட்டன் சாதியை மீறவில்லை, தெரியாமலே தன் சாதியில்தான் பெண் எடுத்தான் என்று கதை திருப்பப்படுகிறது.

தொலைக்காட்சி கிடையாது, இசைக் கம்பெனி கிடையாது, குறுஞ்செய்தி ஓட்டுக் கிடையாது. ஆனாலும் கதையின் முதுகெலும்பு முறிக்கப்பட்டது. முறித்தவர்களும் பந்தலில் அமர்ந்திருந்தவர்கள்தான். நிறுத்து என்று சொல்லக் குரல் இருந்தவர்கள். பந்தலுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு அந்தக் குரல் இல்லை. எனவே ‘மக்கள் கலை’ என்று நாம் பெருமூச்சுவிடும்போது, எந்த மக்கள் என்று சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதனால் என் அளவுகோல் உடைந்துபோகிறது என்று நான் நினைக்கவில்லை. எதை அளக்க வேண்டும் என்பது இன்னும் தெளிவாகிறது. குறுக்கிடும் உரிமை எவ்வளவு விரிந்திருக்கிறது, எங்கே அது சிலர் கையில் மட்டும் தங்கிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். வில்லைப் பார்ப்பதற்கும் அதே கண், தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கும் அதே கண்.

4. கொட்டகையும் வானொலியும்

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் வில்லோடு கலையுலகில் நுழைந்தார், கலைவாணர் ஆனார். கோயில் வாசலிலிருந்த வில்லைப் பொதுமேடைக்குக் கொண்டுபோனவர்களில் என்.எஸ். கிருஷ்ணனுக்கு முதல் வரிசையில் இடம். அவர் தெய்வக் கதையை விட்டுவிட்டுக் காந்தியின் கதையை வில்லில் பாடினார். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தபோது, பழைய நந்தனார் கதையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தூயவாதிகள் பார்வையில் இது கலப்படம். என் பார்வையில், கேட்பவரோடு பேசும் அமைப்பை அவர் விடவில்லை. பக்கத்தில் ஒருவர் மறுத்துக் கேட்க, அவர் மடக்க, கூட்டம் ஆரவாரிக்க, நாடகக் கொட்டகையின் மலிவான இருக்கைகளிலிருந்து வந்த குரலுக்கும் பதில் சொல்லிப் பழகியவர் அவர்.

அவர் சென்னைக்கு அழைத்துப்போன நெல்லைச் சீமை இளைஞர் சுப்பு ஆறுமுகம், பின்னால் வில்லிசையை வானொலிக்கும் கல்லூரிக்கும் சபைகளுக்கும் கொண்டுசேர்த்தார். 2021-இல் பத்மஸ்ரீ, 2022 அக்டோபரில் மறைவு. அவருடைய வில்லில் அருள் இறங்கியதில்லை. இறங்கவேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஆயினும் ‘ஆமா’ போட ஒருவர் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். கோயில் வில்லோடு இருந்த அந்தத் தூரத்து உறவு முக்கியம்.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான், 1984 அக்டோபர் 30-ஆம் நாள் தொடங்கியது என்பதை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். உள்ளூர் நிலையம் என்ற எண்ணமே, கேட்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுதான். தபால் அட்டை எழுதிக் கேட்கலாம், நேரில் போய்ச் சண்டையும் போடலாம்.

அந்தக் காலத்தை ஒட்டி அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் வில்லைக் கைப்பற்றின. குடும்பக் கட்டுப்பாடு, எழுத்தறிவு, எய்ட்ஸ் விழிப்புணர்வு. செய்தி நல்லதுதான். ஆனால் என்ன பாடவேண்டும் என்பது சுற்றறிக்கையில் வந்தது. அதைப் பந்தலில் இருக்கிறவர் மாற்ற முடியாது. அண்ணாவியும் மாற்ற முடியாது. அந்த நிகழ்ச்சிகளில் வியாபாரம் துளியும் இல்லை. இருந்தும் பலவற்றில் உயிர் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தச் சுற்றறிக்கைதான்.

5. பாடகரே கதையாகும் மேடை

இனி தொலைக்காட்சி. 2001-இல் பிரிட்டனில் ‘பாப் ஐடல்’, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதன் மறுபதிப்பு, 2004-இல் ‘இந்தியன் ஐடல்’. தமிழில் அதற்கு முன்பே சன் தொலைக்காட்சியில் ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ இருந்தது. அது பாட்டு வகுப்பைப் போல அடக்கமான நிகழ்ச்சி. 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியபோதுதான் அந்த வெளிநாட்டு அச்சு நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் மலையாள ஏசியாநெட்டின் ‘ஸ்டார் சிங்கர்’ நிகழ்ச்சியும் ஓடியது. இரண்டு மொழியிலும் அழுவதற்கு நம் மாவட்டத்துக்கு வசதி இருந்தது.

அந்த மேடையில் ‘நிறுத்து’ என்று சொல்லக்கூடியவர்கள் யார்? நடுவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு. மூலப் பாடலில் இருக்கும் சங்கதி அப்படியே விழுந்ததா? உன்னுடைய முத்திரை எங்கே? இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் கேள்விகள். பதினாறு வயதுப் பிள்ளை இரண்டுக்கும் சேர்த்து ‘நன்றி சார்’ என்றுதான் சொல்ல முடியும். அங்கே பதில் சொல்வது அடக்கமின்மை.

அடுத்து, ஓட்டுப் போடும் நேயர்கள். ஓட்டைக் குறுக்கீடு என்று சொல்ல முடியுமா? பாட்டு முடிந்த பிறகு, காட்சி ஒளிபரப்பான பிறகு, கைபேசியில் ஓர் எண்ணை அனுப்புகிறோம். ‘அந்த இரண்டாவது சரணத்தை விட்டுட்டீரே’ என்று அந்த எண்ணுக்குள் சொல்ல இடமில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை. பந்தலிலிருந்து வரும் குரல் பாட்டைத் திருத்தும். ஓட்டு பாடகரை நீக்கும். முதலாவதில் ஓர் உறவு தொடர்கிறது.

உண்மையில் பாட்டை நிறுத்துகிறவரை நாம் பார்ப்பதே இல்லை. அவர் படத்தொகுப்பு அறையில் இருக்கிறார். எந்தச் சரணம் போகவேண்டும், எந்தக் கண்ணீர் வரவேண்டும், எந்தக் கைதட்டல் எங்கே ஒட்டப்படவேண்டும் என்பது அவர் கையில். 2010-இல் பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபாக்டர்’ நிகழ்ச்சியில், தொடக்கத் தேர்வில் பாடியவர்களின் சுருதியைக் கணினியால் சரிசெய்து ஒளிபரப்பியிருக்கிறார்கள் என்று நேயர்கள் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். சுருதி சேராத பாட்டைக் கேட்கும் உரிமைக்காக மக்கள் போராடியது இசை வரலாற்றில் அதுவே முதல் முறையாக இருக்கும்! தாங்கள் தீர்ப்புச் சொல்வதற்காகக் கேட்டதே வேறு யாரோ திருத்திக் கொடுத்தது என்பதுதான் அவர்களுடைய கோபம்.

இன்னொன்று இதைவிட ஆழமானது என்று எனக்குப் படுகிறது. போட்டியாளர் மேடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு சிறு படம் ஓடும். ஒழுகும் கூரை, தையல் இயந்திரத்தில் அம்மா, அப்பாவின் ஆட்டோ. பிறகு பாட்டு. வில்லுப்பாட்டில் அண்ணாவியின் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று எந்த ஊரும் கேட்டதில்லை. அவர் வீட்டில் அன்று காலை சாவே விழுந்திருந்தாலும், இரவில் அவர் அழவேண்டியது பொம்மக்காவுக்காக. துயரம் கதையினுடையது, அவர் அதைச் சுமந்து வருகிறவர். தொலைக்காட்சியில் பாடகரே கதை ஆகிவிடுகிறார், பாட்டு அந்தக் கதைக்குப் பின்னணி இசை ஆகிவிடுகிறது. தெய்வத்தின் கதையைப் பந்தல் திருத்தலாம். ஒருவருடைய சொந்த வறுமையை யார் எப்படித் திருத்துவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுப் போடலாம், அவ்வளவே.

இந்தக் கதைப் பசியால் நேயர்களும் விசித்திரமான தூய்மையை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். ‘சூப்பர் சிங்கர்’ ஐந்தாம் பருவத்தில் வென்றவர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவர் என்று தெரிந்தபோது சமூக ஊடகங்களில் எழுந்த கூச்சல் நினைவிருக்கும். நன்றாகப் பாடினாரா என்பது கேள்வியாகவே இல்லை. அனுபவம் உள்ளவர் என்பதே குற்றம். நம் ஊரில் அனுபவமில்லாத அண்ணாவியைத்தான் வேண்டாம் என்பார்கள்.

6. வேட்டி, துண்டு, உரிமைத்தொகை

2018 ஜூலையில் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாம் பருவத்தை வென்றவர் செந்தில் கணேஷ். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் புதுக்கோட்டை வட்டாரத்து மேடைகளில் பல ஆண்டு பாடிப் பழுத்தவர்கள். நாட்டுப்புறப் பாட்டை மட்டும் நம்பி இறுதி மேடை வரை வந்து வீட்டைப் பரிசாக வென்றார்கள். அது எனக்கு மகிழ்ச்சிதான். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். செல்ல தங்கையா எழுதி அவர்கள் ஊர் ஊராகப் பாடிய ‘சின்ன மச்சான்’, பிறகு ‘சார்லி சாப்ளின் 2’ படத்துக்குள் போனது. இத்தனை பருவங்களில் அந்த மேடைக்குள் ஒரு சிறிய பந்தலை எழுப்பியவர்கள் அவர்கள்தான். இருவராகப் பாடினார்கள், ஒருவரை ஒருவர் சீண்டினார்கள், எதிர்ப்பாட்டுச் சொன்னார்கள். மேடையிலேயே கேட்பவர் ஒருவரை வைத்திருக்கும் அந்தப் பழைய ஏற்பாடுதான் அவர்களைத் தனியாகக் காட்டியது என்று நினைக்கிறேன்.

அந்த மேடை அவர்களிடம் வாரந்தோறும் கேட்டது என்னவோ ‘கிராமம்’. வேட்டி, துண்டு, கண்டாங்கி, பின்னால் வைக்கோல். அசல்தன்மையும் ஒரு சரக்குதான், அதற்கும் உடை உண்டு. அமெரிக்காவில் இது மிகப் பழைய கதை. 1933-இல் லூசியானாச் சிறையில் லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகரை ஜான் லோமாக்ஸ் என்ற நாட்டார் பாடல் சேகரிப்பாளர் கண்டார். விடுதலையான பிறகு அவரை மேடை மேடையாக அழைத்துச் சென்றார். லெட்பெல்லிக்கு நல்ல கோட்டும் சூட்டும் போட்டுக்கொள்ளப் பிடிக்கும், புதிய திரைப்பாட்டுகளையும் பாடப் பிடிக்கும். லோமாக்ஸுக்கோ அவர் கைதியின் உடையிலும் பண்ணைக்கூலியின் உடையிலும் தோன்றவேண்டும், பழைய பாட்டையே பாடவேண்டும். 1935-இல் எடுத்த செய்திப்படத்தில் அந்த நாடகமே பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டிலேயே இருவரும் பிரிந்தார்கள். நாட்டார் கலையை நேசித்த லோமாக்ஸ், வணிகத்தை வெறுத்தவர். அந்த நேசமே பாடகரின் வாயை அடைத்தது. நம் ஆய்வாளர்கள், என்னையும் சேர்த்துத்தான், இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

செந்தில் கணேஷ் வென்ற அதே 2018-இல், நவம்பரில், கொட்டாரத்தில் பூங்கனி அம்மாள் காலமானார். சிறுமியாக இருந்தபோதே வில்லுக்கு வந்து, பெண்கள் அண்ணாவியாக அமரும் மரபைத் தாங்கி நின்ற மூத்த கலைஞர். அவரைப் பற்றி நான் படித்த செய்திகளில் அவருடைய வறுமையைப் பற்றி நிறைய இருந்தது. அவர் எந்தக் கதையை எப்படிப் பாடினார், எந்த இடத்தில் தாளத்தை மாற்றினார், பெண் அண்ணாவி என்பதால் பந்தல் அவரை எப்படிச் சீண்டியது, அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பது அநேகமாக இல்லை. பத்திரிகையும் அந்தச் சிறு படத்தைத்தான் ஓட்டியது.

உரிமைத்தொகைக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்ற பாட்டு ஒப்பாரியையும் நிலமற்றவர்களின் நினைவையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அதன் பாடலாசிரியர் அறிவு இல்லாதது பற்றிப் பேச்சு எழுந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டு யாருடையது என்ற விவாதம் வெடித்தது. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கில் கேட்டவர்கள் இருந்தும், கணக்கு எங்கே என்று நிறுத்திக் கேட்கும் நிலையில் அவர்களில் யாரும் இல்லை. ஒரு சின்ன ஊரின் கொடையில் வரவு செலவைக் கோயில் சுவரில் எழுதி ஒட்டுவார்கள். அதில் வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு என்பதும் இருக்கும். குறைத்துக் கொடுத்தால் அண்ணாவி அங்கேயே கேட்பார்.

7. கொடையை நேரலையில் பார்க்கிறவர்கள்

கடைசியாக, இப்போது நடப்பதைப் பற்றிச் சில சொற்கள். கொடைகள் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. துபாயிலும் மஸ்கட்டிலும் இரவுப்பணி முடித்து வந்தவர்கள் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியால் செய்ய முடியாததை அந்தச் சின்னத் திரை செய்கிறது: கீழே எழுத இடம் இருக்கிறது. இன்னும் அந்தக் கட்டம் வரலையா என்று ஒருவர் கேட்பதும், அதை விழாக் குழுப் பையன் ஒருவன் அண்ணாவியின் காதில் போடுவதும், அவர் கதையோடு சேர்த்தே பதில் சொல்வதும் நடக்கிறது. வெளிநாட்டுக்காரரின் அன்பளிப்பு வங்கிக் கணக்கு வழியாக வந்து, அறிவிப்பு மட்டும் பழைய முறையில் நிகழ்கிறது.

இதைக் கண்டு அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ள நான் தயாரில்லை. முழு இரவுப் பதிவைப் போட்ட அடுத்த நாளே, அதிலிருந்து கோமரத்தாடி ஆடும் ஐம்பது நொடியை மட்டும் வெட்டி இன்னொருவர் போடுகிறார். பார்ப்பவர் எண்ணிக்கை அந்த ஐம்பது நொடிக்குத்தான் அதிகம். பந்தலிலும் அதன் விளைவு தெரியத் தொடங்கிவிட்டது. அருள் வரும் நேரம் பார்த்துப் பத்துக் கைபேசிகள் உயர்கின்றன. உயர்த்தியவர்கள் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஓடிய கதையைக் கேட்டவர்களாக இல்லை.

இந்தச் சொற்பொழிவு நடக்கும் கல்லூரி ஒரு காரியம் செய்யலாம். ஆய்வுக்காக வில்லுப்பாட்டைப் பதிவு செய்யும்போது, இதுவரை ஒலிவாங்கியை அண்ணாவியின் முன்னால் மட்டும் வைத்து வந்திருக்கிறோம். கூட்டத்தின் பேச்சு, குழந்தை அழுகை, ‘அதை விட்டுட்டீரே’ என்ற குரல் எல்லாம் இரைச்சல் என்று பிறகு அழித்தும் வந்திருக்கிறோம். படத்தொகுப்பு அறையில் நடப்பதைத்தான் நாமும் செய்திருக்கிறோம். வருகிற பங்குனி, சித்திரைக் கொடைகளில் இரண்டாவது ஒலிவாங்கி ஒன்றைப் பந்தலில் வையுங்கள். மூன்றாவதைப் பந்தலுக்கு வெளியே, எட்ட நின்று கேட்கிறவர்கள் பக்கம் வையுங்கள். யார் எந்த இடத்தில் நிறுத்தினார், அண்ணாவி என்ன சொன்னார், யாருடைய குரலுக்கு அவர் நின்றார், யாருடைய குரலைக் கேளாதவர்போல் கடந்துபோனார் என்று எழுதிவையுங்கள். சுடலைமாடன் கதையின் இன்னொரு பதிப்பைவிட, அந்தக் குறிப்பேடு நம்மிடம் இல்லாத ஒன்று.

நடுவில் இரண்டு முறை என்னை நிறுத்திக் கேட்ட அந்தப் பெரியவருக்கு என் தனி நன்றி. அவர் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை மூன்றாம், ஐந்தாம் பகுதிகளில் சேர்த்திருக்கிறேன்.